ஏழே நாளில் ஸ்கூட்டி

“பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு சொல்லிட்டு விட்டுட்டியளே, மேடம்!”

கேட்டீங்களா? இதைத்தான் மூன்று நாளாகச் சொல்கிறார். ஒரு எழுத்து கூடாது, குறையாது. முந்தாநாள் இதே வார்டு வாசலில் இதே வார்த்தை. நேற்றும் அதே. இப்போது நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாச்சு. சத்தம் போட்டுத் திட்டினாலாவது நானும் பதிலுக்கு நாலு வாங்கு வாங்குவேன், எனக்கு அது நன்றாக வரும். இவர் என்னவென்றால் கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாக, கடைசியில் ஒரு ‘மேடம்’ வேறு. அந்த ‘மேடம்’தான் எனக்குத் தாங்கவில்லை.

“இசக்கிமுத்து, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க” என்றேன். “கேட்டாச்சு மேடம்” என்று மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. மூன்று நாளாக அதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், தூக்கிக்கொண்டு போகிறேன்.

நீங்க உட்காருங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிகிற வரைக்கும் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். பாஸ் இருந்தாலும் அரை மணி நேரம் ஆகும். ஃப்ளாஸ்க்கை எதற்கு மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள், பெஞ்சில் வைங்க. யாருக்கு முடியலை? மாமியாருக்கா? பாத்ரூமில் வழுக்கி விழுந்தாங்களா? பார்த்தீங்களா, சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டேன். ஜன்னல் பக்கத்துக் கட்டில் என்றால் எங்கள் உலகம்மாளுக்கு அடுத்த கட்டில்தான். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருக்குமே, அவள்தான். அவளுடைய வீட்டுக்காரர்தான் இப்போது இறங்கிப் போனது.

நான் புஷ்பலீலா. பெயரைச் சொன்னால் தெரியாது. ‘லீலா லேடீஸ் ஸ்கூட்டி கிளாஸ்’ என்றால் தெரியும். மார்க்கெட் முக்கில் கரண்டுக் கம்பத்தில் ரோஸ் கலர் போர்டு தொங்குமே, அது நான்தான். ஏழு வருஷம். முந்நூற்று நாற்பத்தோரு பெண்கள். டீச்சர், நர்ஸ், ரேஷன் கடைப் பெண், ஒரு வக்கீலம்மா, அந்த வக்கீலம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அத்தனை பேரையும் ரோட்டில் இறக்கிவிட்டது நான். ஒருத்திக்கு முழங்கை சிராய்த்தது, ஒருத்திக்குச் செருப்பு அறுந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆனதில்லை. போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் ஸிஸ்டர் இக்னேஷியா, மணி அடித்து ஒரு நிமிஷம் தாமதமானாலும் வெயிலில் நிறுத்திவிடுவார். இன்றைக்கும் ஆறு மணி கிளாஸ் என்றால் ஐந்து ஐம்பதுக்கு நான் ஸ்கூல் மைதானத்தில் இருப்பேன். அவ்வளவும் படித்துவிட்டு இருபத்தைந்து வருஷம் என்ன செய்தேன்? தோசை சுட்டேன். எங்கள் வீட்டுக்காரர் கூட்டுறவு சங்கத்தில் கிளார்க். ஆறு மணிக்குக் காபி, எட்டரைக்கு டிபன், ஒன்றரைக்குச் சாப்பாடு. ரிட்டயரான பிறகும் அதே டைம்டேபிள்தான், ஆபீஸ் மட்டும்தான் இல்லை. நாற்பத்தாறு வயதில் ஒரு ஜோடி வளையலை விற்றுப் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கினேன். “இந்த வயசுல உனக்கு எதுக்குட்டி இது?” என்றார். எதிர்வீட்டு மருமகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவள் தங்கச்சிக்கு. பிறகு தங்கச்சியின் ஆபீஸ்காரிகளுக்கு. அப்படியே பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் என்ன சொல்வார் தெரியுமா? “அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.”

பொழுதுபோக்காம்! காய்ச்சலோடு மைதானத்தில் நிற்பது பொழுதுபோக்கா? ஆடிக் காற்றில் புழுதி பூராவும் வாயில் போகும், அதைத் துப்பிவிட்டு ‘பிரேக், பிரேக்’ என்று கத்துவது பொழுதுபோக்கா? “உங்களுக்கு என்ன மேடம், நீங்களே முதலாளி” என்பார்கள். ஆமாம், முதலாளி. லீவு வேண்டுமென்றால் லெட்டரை யாரிடம் நீட்டுவது? ஒரு நாள் படுத்தால் அன்றைய கிளாஸ் மட்டுமா போகும், அடுத்த வாரம் சேர இருந்த ஆளும் போய்விடும். போன் அடித்தால் எடுக்கணும். குளித்துக்கொண்டிருந்தாலும் சோப்புக் கையோடு எடுக்கணும். எடுக்கவில்லையென்றால் அடுத்த நம்பருக்குப் போட்டுவிடுவார்கள், திரும்ப நமக்குப் போடவே மாட்டார்கள். இது சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் புரியாது. உங்க வீட்டுக்காரர் என்ன, சம்பளக்காரரா? அப்படியென்றால் உங்களுக்கும் புரியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ரோட்டில் நடந்து போய்க்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து இரண்டு ஹாரன் கேட்கும். “குட்மார்னிங் மேடம்!” என்று ஒருத்தி பறந்து போவாள். ஹெல்மெட்டுக்குள் முகம்கூடத் தெரியாது. ஆனாலும் நான் இறக்கிவிட்ட ஆள். இருபத்தைந்து வருஷம் தோசை சுட்டதற்கு எனக்கு யாராவது ஹாரன் அடித்தார்களா?

மூன்று நாளாக எவளும் அடிக்கவில்லை. நேற்று அந்த ரேஷன் கடைப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சந்துக்குள் திரும்புகிறாள். திரும்பும்போது இண்டிகேட்டர் போடணும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நேற்று அதையும் போடவில்லை, மூதேவி.

சரி, உலகம்மாள் கதைக்கு வருகிறேன். அவள் இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் போடுகிறவள். இரண்டு கையிலும் இரண்டு வாளி, பதினொரு கடை, எல்லாம் நடைதான். வெயில் ஏறினால் மாவு பொங்கிப் புளித்துவிடும், அதற்குள் முடிக்கணும். அதனால் நடை என்ன நடை, அரை ஓட்டம். வண்டி இருந்தால் முப்பது கடை பிடிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கி, வாசலில் நிறுத்தி, பழைய சேலையைப் போட்டு மூடி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். “மேடம், வார திங்கக்கெழமையிலிருந்து புதுசா ஏழு கடைக்கு மாவு போடுதேன்னு வாக்குக் கொடுத்திட்டேன். அதுக்குள்ள பழகிருவனா?” என்றாள். போர்டிலேயே ‘ஏழே நாளில்’ என்று போட்டிருக்கிறதே, இல்லை என்றா சொல்ல முடியும்? “நீயும் சொந்தக் காலில் நிக்கிறவ, நானும் சொந்தக் காலில் நிக்கிறவ. உன்னை ஓட்ட வைக்காம விட மாட்டேன்” என்றேன். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போய்விட்டது. மற்றவர்கள் பொழுது விடிந்து கொட்டாவி விட்டுக்கொண்டு வருவார்கள். இவள் அதற்கு முன்னாலேயே ஒரு கிரைண்டர் மாவு ஆட்டி முடித்துவிட்டு வருவாள். கையில் மாவு காய்ந்திருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை இன்றைக்குத்தான்.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். வண்டி நாலு அடி உருண்டதும், “மேடம், பிடிச்சிருக்கியளா?” என்று கழுத்தைத் திருப்புவாள். கழுத்து திரும்பினால் கையும் கூடவே திரும்பும், வண்டி கோணிக்கொண்டு போகும். “ஏளா, முன்னால பாரு! உன் கல்யாண ஊர்வலமா பின்னால வருது?” என்று கத்துவேன். சிரிப்பாள். மறுபடியும் திரும்புவாள்.

இந்தத் தொழிலில் ஒரு முறை இருக்கிறது. முதல் இரண்டு நாள் நான் பின்னால் உட்காருவேன். மூன்றாவது நாள் இறங்கி, சீட்டுக்குப் பின்னால் கம்பி இருக்கும் பாருங்க, அதைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடணும். ஓடிக்கொண்டே, அவளுக்குத் தெரியாமல் ஒரு கட்டத்தில் கையை எடுத்துவிடணும். வாய் மட்டும் ‘பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கணும். மூன்று சுற்று தனியாக வந்த பிறகு, “நான் எப்பவோ கையை எடுத்தாச்சு!” என்று சொன்னால் அந்த முகத்தைப் பார்க்கணுமே! ஒருத்தி மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். இது பொய்யா? உங்களுக்குச் சைக்கிள் பழக்கியவர்கள் என்ன சொல்லிப் பழக்கினார்கள்? அதேதானே?

ஆனால் ஓடணும். எனக்கு ஐம்பத்து மூன்று. இரண்டு வருஷமாக முட்டி கிரைண்டர் மாதிரி சத்தம் போடுகிறது. இந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பெண் போட்டிக்கு ஆரம்பித்தாள். ஜீன்ஸ் போட்டவள், இரண்டு புது வண்டி வைத்திருக்கிறாள், போனில் வீடியோ போடுகிறாள். ‘எட்டே நாளில்’ என்கிறாள். நான் பத்து நாள் என்று போட்டிருந்தேன். என்ன செய்ய? பெயிண்டரை வரவழைத்துப் பத்தை அழித்து ஏழு போடச் சொன்னேன். அவளுக்கு முட்டி இருக்கிறது, எனக்கு மூளை இருக்கிறது.

ரோட்டில் பையன்கள் ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிப் பேசிக்கொண்டே போவார்கள் இல்லையா? அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. படிக்கிற பெண்ணின் போனை அவள் ஹெல்மெட்டுக்குள் காதோரமாகச் சொருகிவிடுவேன். என் போனிலிருந்து அவளுக்குக் கால். முதலில் பத்தடி கூடவே ஓடிவிட்டு நின்றுவிடுவேன். அப்புறம் நிதானமாக நடந்து போய் வாதாமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே ‘பிடிச்சிருக்கேன், நேராப் பாரு, பிடிச்சிருக்கேன்’ என்பேன். குரல் காதுக்குள்ளேயே கேட்டால் ஆள் பக்கத்திலேயே இருக்கிற மாதிரிதானே? நடுநடுவே ஓடி மூச்சு வாங்குகிற மாதிரி ‘ஹா, ஹா’ என்றும் சேர்த்துக்கொள்வேன். “பாவம் மேடம், எனக்காக எப்படி ஓடுதாவ” என்று உலகம்மாளே வீட்டில் சொல்லியிருக்கிறாள். கண்ணாடியை உள்பக்கம் மடக்கிவிடுவேன், பின்னால் பார்க்க முடியாது. ஹெல்மெட்டுக்குள் போன் இருப்பதால் தாடைக்குக் கீழே வார் மாட்ட வராது. மைதானத்துக்குள் சுற்றுவதற்கு எதற்கு வார்? அதில் ஒன்றும் தப்பில்லை. ஒன்பது மாதமாக இந்த முறைதான், ஒரு குறையும் வந்ததில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஐந்தாவது நாள். நன்றாக ஓட்டினாள், அதையும் சொல்லணும். இரண்டு சுற்று கழுத்தைத் திருப்பவே இல்லை. மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. திரும்பினாள், பின்னால் யாருமில்லை, பயந்துவிட்டாள். பயந்தால் பிரேக்கைப் பிடிக்கணும் என்று எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்! ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் ஸ்கூல் வேனுக்காக கேட்டைத் திறந்து வைத்திருக்கிறான். நேரே வெளியே போய், ஓரமாக நின்ற தண்ணி லாரியின் பின்பக்கத்தில்…

லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. ஓடுகிற லாரி இல்லை. அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஏன் திரும்பினாள் என்றா பார்க்கிறீங்க? அப்படிப் பார்க்காதீங்க. சரி, நீங்க வெளி ஆள், உங்களிடம் சொன்னால் என்ன? எனக்கு இன்னொரு கால் வந்தது. வெயிட்டிங்கில், புது நம்பர். புது நம்பர் என்றால் புதிதாகச் சேர வருகிற ஆள். அந்த ஜீன்ஸ்காரி வந்த பிறகு எனக்கு மாதத்துக்கு மூன்று புது நம்பர் வந்தாலே பெரிது. உலகம்மாளை ஹோல்டில் போட்டேன். அரை நிமிஷம். அரை நிமிஷம்கூட இருக்காது. ஏதோ ஒரு காலேஜ் பெண். “ஏழு நாள்ல நிஜமாவே கத்துக்கலாமா மேடம்? எனக்கு ரொம்பப் பயம்” என்றாள். “பயப்படாதம்மா, என்கிட்ட யாரும் விழுந்ததே கிடையாது” என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, அந்தச் சத்தம். அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கிறது. “மேடம், அங்க என்ன சத்தம்?” என்கிறாள். வைத்துவிட்டேன். அவள் அப்புறம் கூப்பிடவே இல்லை.

நான் ஓடினேன். அன்றைக்கு முட்டி வலிக்கவில்லை, அது ஒரு அதிசயம். ஹெல்மெட் ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் கிடந்தாள். போன் ரோட்டில் கிடந்தது, உடையவில்லை. எடுத்துப் பார்த்தால் என் கால் இன்னும் ஹோல்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கட் பண்ணினேன். பாட்டரி வீணாகும் இல்லையா? ஆம்புலன்ஸில் கூடவே வந்தேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன், வழி முழுக்க. அதை இசக்கிமுத்துவிடம் சொன்னேன். பதிலுக்கு அவர் சொன்னதுதான் இந்த ‘விட்டுட்டியளே’.

எனக்கு என்ன வருத்தம் இல்லையா? சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைகிற கை தானாக மூடிக்கொள்கிறது, கம்பியைப் பிடித்த மாதிரி. விரிக்க வேண்டியிருக்கிறது. வாதமாக இருக்கும், வயசாகிறது.

தலையில் அடி. இடுப்பு. வலது மணிக்கட்டு இரண்டு துண்டு. மாவு அள்ளுகிற கை. கண்ணைத் திறக்கிறாளாம், ஆனால் ஆள் தெரியவில்லையாம். புருஷனைப் பார்த்து, ‘யாரு’ என்கிறாளாம். இனிமேல் எப்படி என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நர்ஸம்மா என்னிடம் சொன்னார், “ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்பச் சொல்றாங்க.” என்ன வார்த்தை தெரியுமா? “மேடம் பிடிச்சிருக்காவ.”

பார்த்தீங்களா! அவளே சொல்கிறாள். புருஷன் ‘விட்டுட்டியள்’ என்கிறார், பெண்டாட்டி ‘பிடிச்சிருக்காவ’ என்கிறாள். எந்த வார்த்தையை எடுக்கணும்? வண்டியில் இருந்தவள் வார்த்தையையா, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆள் வார்த்தையையா? அவளுக்கு என் மேல் ஒரு குறையும் இல்லை. இதை அந்த மனுஷனுக்குச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறார். தோள் மட்டும் குலுங்குகிறது. ஆம்பிளை இப்படியா இருப்பது, நீங்களே சொல்லுங்க.

எங்கள் வீட்டு மனுஷர் சனிக்கிழமையே போர்டைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் போட்டிருக்கிறார். “நல்லதாப் போச்சு, இனிமே ஆறு மணிக் காபி ஆறு மணிக்கே கிடைக்கும்” என்றார். தமாஷாகச் சொன்னாராம். முந்நூற்று நாற்பத்தோரு பேர் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறார்கள், இவருக்குத் தமாஷ். அந்த ஸ்கூல் மைதானத்தில், போலீஸ் விஷயம் முடியாமல் உள்ளே காலே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இதை விட்டால் வேறு என்ன தெரியும்? மறுபடியும் தோசையா? நான் அந்த வீட்டுக்குள் திரும்பிப் போகவே மாட்டேன். போகத்தான் போகிறேன், ராத்திரி படுக்கணுமே. நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறது இல்லையா?

நேற்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். “சேரும்போது அவங்ககிட்ட எழுதி வாங்கினீங்களாம்மா, சொந்தப் பொறுப்புலதான் கத்துக்கிறேன்னு?” என்றார். வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வாயில் வந்துவிட்டது. முந்நூற்று நாற்பத்தோரு பேரில் ஒருத்தியிடமும் வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்தவளை உட்காரவைத்து மோர் கொடுப்பேனா, கையெழுத்து கேட்பேனா? “அப்ப நாளைக்குச் சாயங்காலம் கொண்டு வந்து காட்டுங்க” என்றார். நாளைக்கு என்றால் இன்றைக்கு. இன்றைக்குச் சாயங்காலம்.

அதனால் எழுதிவிட்டேன். இதோ பாருங்க, ஒரே பக்கம்தான். ‘உலகம்மாள் ஆகிய நான், என் சொந்த விருப்பத்தின் பேரிலும் என் சொந்தப் பொறுப்பிலும்…’ எல்லாம் முறையாக இருக்கிறது, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. தேதி மட்டும் போன திங்கட்கிழமை போட்டிருக்கிறேன், அவள் சேர்ந்த நாள். அன்றைக்கு வாங்கியிருக்க வேண்டியது, மறந்துபோனது, அவ்வளவுதான். அவளிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே போட்டுக் கொடுத்திருப்பாள். ‘மேடம் சொன்னா சரி’ என்பாள். இந்த நிமிஷம் கேட்டாலும் கொடுப்பாள். கேட்கத்தான் என்னை உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள்.

ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டது போலிருக்கிறது, டாக்டர் அந்தப் பக்கம் போகிறார். இசக்கிமுத்து இன்னும் மேலே வரவில்லை. மருந்துக் கடையில் கூட்டமாக இருக்கும், பத்து நிமிஷமாவது ஆகும். நீங்க உள்ளேதானே போகிறீங்க? உங்க மாமியார் கட்டிலுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு எட்டுதான். வலது கையில்தான் கட்டு. இடது கை வெளியேதான் இருக்கிறது, போர்வைக்கு மேலே, நான் கதவுச் சந்து வழியாகப் பார்த்தேன். கையெழுத்து வேண்டாம், பெருவிரல் போதும். மைப்பெட்டி கொண்டுவந்திருக்கிறேன், புதுசு. அவள் தூங்கினாலும் எழுப்ப வேண்டாம், பாவம், தூங்கட்டும். மெதுவாக விரலைப் பிடித்து, இந்த இடத்தில், இங்கே பாருங்க, பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன், இதற்குள் ஒரு அழுத்து. அப்புறம் இந்தத் துணியால் துடைத்துவிடுங்க, ஈரம் பண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

ஃப்ளாஸ்க்கை நான் பிடித்துக்கொள்கிறேன், கொடுங்க.

என்னங்க? ஏன் எழுந்து நிற்கிறீங்க, வார்டுக்கு வழி இந்தப் பக்கம். ஏங்க… உங்களைத்தான். ஒரு நிமிஷ வேலைங்க. ஒரு பொம்பளைக்கு ஒரு பொம்பளை இதைக்கூடச் செய்யக் கூடாதா? இந்தாங்க, மைப்பெட்டி மூடி இறுக்கமாக இருக்கும், நானே திறந்து தருகிறேன்… ஏங்க?